பிறகு போட்டுக்கொள்ளலாம்

எங்கள் ஜோகுபாளையம் வீட்டில், சமையலறையிலிருந்து குளியலறைக்குப் போகும் நடையில், சுவருக்குள் பதித்த ஒரு கடப்பா கல் பலகை இருக்கிறது. இரண்டு முழ நீளம், ஒரு முழ ஆழம். பல வருஷமாக அதன்மேல் அரிசி டின்தான் இருந்தது. ஆடி மாதத்தில் ஒரு காலை, என் மனைவி அந்த டின்னை இறக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். கல்லை ஈரத்துணியால் துடைத்தாள். காய்ந்ததும் இன்னொரு தடவை துடைத்தாள். பிறகு அதன் முன்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்த்துவிட்டு, இதுதான் இனி என் ஆபீஸ் என்றாள்.

அவள் பதினெட்டு வருஷம் ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் வேலை செய்தவள். வீடுகளுக்கு பிளான் போடுவது, முகப்பு வரைவது. அலுவலகம் சுருங்கிச் சுருங்கி, நாற்பத்தாறு வயதில் அவளை வெளியே விட்டது. போகும்போது ஒரு பழைய லேப்டாப்பைக் கொடுத்து அனுப்பினார்கள். அதன் பிறகு மூன்று மாதம் அவள் வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும் கழுவினாள். ஜன்னல் கம்பி, சுவிட்ச் பலகை, என் செருப்பு. நான் கல்லூரி அலுவலகத்திலிருந்து மாலை திரும்பும்போது வீடு ஏதோ விருந்தாளிக்காகக் காத்திருப்பதுபோல் பளபளக்கும். யாரும் வர மாட்டார்கள்.

பிறகு லிங்கராஜபுரத்திலிருந்து ஒரு போன் வந்தது. பழைய அலுவலகத்தில் வேலை கொடுத்து வாங்கிய கான்ட்ராக்டர். முகம் பார்த்ததில்லை, குரலில்தான் பழக்கம். இருபதுக்கு முப்பது அடி சைட்டில் மூன்று மாடி வீடு ஒன்று கட்டப் போகிறாராம். வீட்டுக்காரர்கள் ஆடி முடியட்டும் என்று இருக்கிறார்கள், ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூமி பூஜை. அன்றைக்கு சைட்டில் நிறுத்துவதற்கு வீட்டின் முகப்புப் படம் பெரிய ஃப்ளெக்ஸில் வேண்டும். அச்சடிக்கிறவனுக்கு வெள்ளிக்கிழமை காலைக்குள் படம் போக வேண்டும். இது பிடித்துப்போனால் இன்னும் இரண்டு சைட் கையில் இருக்கிறது, சிஸ்டர், செய்வீங்களா என்று கேட்டார். செய்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் அவள் போனை வைத்தாள். வைத்த பிறகுதான் லேப்டாப்பைப் பார்த்தாள். அதில் பிளான் போடலாம், கோடு இழுக்கலாம். மாடி மாடியாக வீட்டை எழுப்பி வெளிச்சம் விழவைக்க முடியாது. முதல் மாடிப் படிக்கட்டு வந்ததுமே அது மூச்சுத் திணறி நின்றுவிடும்.

சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். பெரிய டவர் அந்தக் கல்லில் உட்காராது, கரண்ட் போனால் எங்கள் இன்வெர்ட்டரும் தாங்காது. டிபன் பாக்ஸ் அளவில் மினி பி.சி. என்று விற்கிறார்களே, அது. அவள் சைட்டுக்குப் போய் அளவெடுக்க வேண்டியிருந்தது. பெட்டி வாங்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தாள். மூன்று வாரம் இருந்தது. அதில் இரண்டை நான் எடுத்துக்கொண்டேன்.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டர் சாமான் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று விலை குறைவு. ஆனால் அதன் மெமரி போர்டோடு சேர்த்துப் பற்றவைத்தது. இன்றைக்கு என்ன இருக்கிறதோ அதுதான் என்றைக்கும். இன்னொன்றுக்கு அடியில் நாலு திருகாணி. கழற்றினால் உள்ளே மெமரி செருக இரண்டு ஸ்லாட், அதற்குப் பக்கத்தில் டிஸ்க்குக்கு ஒரு காலி இடம். வேண்டும்போது வேண்டியதைப் போட்டு வளர்த்துக்கொண்டே போகலாம். விலை அதற்கேற்ப.

கண்ணாடிக் கவுன்டர் வழியாக நான் அந்தத் திறந்த பெட்டியின் வயிற்றைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. ஆள் வராத புது லேஅவுட் மாதிரி, பச்சை நிலத்தில் பொன் கோடுகளில் தெருக்கள், மூலைகளில் காலி மனைகள். கடைக்காரர், எல்லாரும் பாய் என்றே கூப்பிடுகிறவர், ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என் காதில் விழவில்லை. சிக்பேட்டையில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, அல்சூரில் இறங்குகிற வரைக்கும் அந்த இரண்டு ஸ்லாட்டுகளும் கூடவே வந்தன. ரயில் பூமிக்கு அடியிலிருந்து மேலே வந்து வெளிச்சத்துக்குள் நுழைந்தபோது, நான் ஏற்கெனவே ஐந்து வருஷம் கழித்து வரப்போகும் ஒரு மதியத்தில் இருந்தேன். அந்த மதியத்தில் நாங்கள் இருவரும் நிதானமாக உட்கார்ந்து, திருகாணி கழற்றி, புது மெமரியைச் செருகிக்கொண்டிருந்தோம். ஜன்னலுக்கு வெளியே மழை. என்ன வேலைக்காகப் போடுகிறோம் என்பது மட்டும் அந்தக் காட்சியில் இல்லை.

காலி இடம் விட்டு வாங்குவது எங்கள் குடும்பப் பழக்கம். எனக்குப் பள்ளிக்கூடச் சட்டை இரண்டு சைஸ் பெரிதாகத்தான் எடுப்பார்கள். வளர்ற புள்ள. நான் அந்தச் சட்டைக்குள் வளர்ந்து சேரும்போது அது கிழிந்திருக்கும். அப்பா அரசாங்க வேலையில் இருந்தபோது ஒரு மாடி இல்லாத வீடு கட்டினார். கட்டும்போதே தூண் கம்பிகளை மொட்டை மாடிக்கு மேல் இரண்டடி நீட்டி விட்டார், பிறகு மாடி எழுப்பிக்கொள்ளலாம் என்று. ஒன்பது இடத்தில் கம்பிகள் கொத்துக்கொத்தாக வானத்தைப் பார்த்து நின்றன. அம்மா அதில் கொடி கட்டித் துணி காயப்போட்டாள். பிறகு ஆன்டெனா கட்டினோம், அதற்குப் பிறகு டிஷ். மாடி வரவே இல்லை. அப்பா போன பிறகு வீட்டை விற்றோம். வாங்கினவர் கூட்டிவந்த இன்ஜினியர் ஒரு கம்பியைப் பிடித்து நகத்தால் சுரண்டினார். துரு செதில் செதிலாக உதிர்ந்தது. இதன்மேல் ஒன்றும் எழுப்ப முடியாது, கன்னடத்தில், சாதாரணமாகச் சொன்னார். அப்பா நல்லவேளையாக அதைக் கேட்கவில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு மாலையும் ஒரு தாளில் இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன். மனைவி பார்த்துக்கொண்டே போவாள். ஒரு தடவை, பொண்ணு பாக்கறதுக்குக்கூட இவ்வளவு யோசிக்கலையே நீங்க என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மறுநாள் சிரிக்கவில்லை.

நான் யோசித்துக்கொண்டிருந்தபோது மெமரியின் விலை ஏறிக்கொண்டிருந்தது. உலகத்தில் எங்கேயோ பெரிய பெரிய நிறுவனங்கள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகின்றனவாம். பாய் அந்த மெமரிக் குச்சிகளை ஒரு எவர்சில்வர் டிபன் டப்பாவில் அடுக்கி வைத்திருப்பார். ஒட்டுச்சீட்டில் விலையைப் பென்சிலால் எழுதுவார், அழித்து அழித்து அந்தச் சீட்டே மெலிந்துபோயிருந்தது. காலையில் ஒரு ரேட், மதியம் ஒரு ரேட், தங்கம் மாதிரி ஆயிடுச்சு சார் என்றார். இரண்டாம் வாரக் கடைசியில் நான் போனபோது வளர்க்கக்கூடிய பெட்டி மெமரியோடு சேர்த்து எங்கள் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. மெமரி இல்லாத வெறும் பெட்டி மட்டும் என்றால், அந்த மெமரி ஒட்டிவைத்த முதல் பெட்டியின் விலைதான்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வந்தவுடன் உடம்பெல்லாம் ஒரு குளிர்ச்சி. பழைய லேப்டாப்புக்குள் ஒரு மெமரிக் குச்சி இருக்கிறது. அதைக் கழற்றி இதில் செருகினால் போயிற்று. விலை குறைந்த பிறகு இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். ஒரே விலையில் ஐந்து வருஷத்து மதியத்தையும் சேர்த்து வாங்கிவிட்டேன். மெமரி வேணாமா சார் என்று பாய் இரண்டு தடவை கேட்டார். வீட்ல இருக்கு என்றேன். அந்தப் பதிலைச் சொன்னபோது எனக்கிருந்த பெருமையை இப்போது நினைத்தால் காது சூடாகிறது.

சனிக்கிழமை மதியம். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. கடப்பா கல்லின்மேல் ஒரு துண்டை விரித்து, பெட்டியைக் கவிழ்த்து, நாலு திருகாணியையும் கழற்றினேன். மூடி நழுவி வந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஸ்லாட், தூங்குகிற மீனின் வாய் மாதிரி லேசாகத் திறந்து. லேப்டாப்பையும் திறந்து அதன் குச்சியை எடுத்தேன். செருகினேன். உட்காரவில்லை. திருப்பிச் செருகினேன். உட்காரவில்லை. மனைவி சமையலறை வாசலில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள்.

"உள்ள போகலையா?"

கொஞ்சம் அழுத்தினால் போகும் என்றேன்.

"தள்ளாதீங்க" என்று பக்கத்தில் வந்து என் கையிலிருந்து அதை வாங்கினாள். ஸ்லாட்டுக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். பதினெட்டு வருஷம் மில்லிமீட்டரில் வாழ்ந்த கண். குச்சியின் அடியில் ஒரு சின்ன வெட்டு இருக்கிறது, ஸ்லாட்டில் அதற்கேற்ற ஒரு பல். இரண்டும் நேருக்கு நேர் வர வேண்டும். "வெட்டு தள்ளி இருக்கு. இது பழைய அளவு, அது புது அளவு. ரெண்டும் சேராது."

சாரல் ஜன்னல் கம்பியில் துளித்துளியாகக் கோத்துக்கொண்டிருந்தது.

"இதுல இப்ப என்ன ஓடும்?" என்று கேட்டாள்.

"புது மெமரி வாங்கிப் போட்டா..."

"இப்ப."

"இப்ப ஒண்ணும் ஓடாது."

அவள் அந்தப் பெட்டியைத் தூக்கி இப்படியும் அப்படியும் பார்த்தாள். "ரொம்ப அழகா இருக்கு" என்றாள். "ஆனா இதுல அரிசிகூடப் போட்டு வைக்க முடியாது." கோபமே இல்லை குரலில். பெட்டியைத் துண்டின்மேல் வைத்துவிட்டு, லேப்டாப்பின் குச்சியை அதன் இடத்திலேயே திரும்பப் பொருத்தி, மூடியைப் போட்டு, திருகாணிகளை ஒவ்வொன்றாக முடுக்கினாள். எல்லாம் முடிந்த பிறகு, என்னைப் பார்க்காமல், "எனக்கு இன்னும் ஆறு நாள் இருக்கு" என்றாள்.

திங்கட்கிழமை நான் லீவு போட்டேன். இருவரும் எஸ்.பி. ரோட்டுக்குப் போனோம். மெட்ரோவில் அவள் உட்கார, நான் எதிரில் நின்றேன். மடியில் பெட்டி, கைப்பைக்குள் ஒரு பென் டிரைவ். அந்த வீட்டை அவள் எங்கள் லேப்டாப் தாங்குகிற மட்டும், துண்டுதுண்டாக, மாடிக்கொரு ஃபைலாக வரைந்து வைத்திருந்தாள் என்று எனக்கு அப்போதுதான் தெரியும். நான் தாளில் பெட்டிகளை அடித்து அடித்து எழுதிக்கொண்டிருந்த அதே மாலைகளில், ஐந்தடி தள்ளி, அவள் அதைச் செய்திருக்கிறாள்.

பாய் எங்களைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். என்னை விட்டுவிட்டு அவளிடம், சார் வீட்ல இருக்குன்னாரு மேடம், நான் ரெண்டு வாட்டி கேட்டேன் என்று தன் கட்சியை முதலிலேயே வைத்தார். தெரியும் பாய், அவர் எப்பவுமே வீட்ல இருக்குன்னுதான் சொல்வாரு என்றாள் அவள். பக்கத்தில் வயர் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

பிரித்த பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வது வழக்கமில்லை. கொஞ்சம் பணம் பிடித்துக்கொண்டு எடுத்துக்கொள்கிறேன் என்றார். அதைப் பற்றி அவள் பேரமே பேசவில்லை. ஒட்டிவைத்த பெட்டி, விலை குறைந்தது, அதையே காட்டச் சொன்னாள். கவுன்டர்மேல் அதே மாடலில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. வரைபடக்காரர்கள் நிறைய வருவதால் அதில் வீட்டை எழுப்பிக் காட்டும் சாஃப்ட்வேரையும் போட்டு வைத்திருந்தார். அவள் பென் டிரைவைச் செருகினாள். மூன்று மாடிகளையும் முதல்முறையாக ஒன்றன்மேல் ஒன்று வைத்தாள்.

தெருவில் தள்ளுவண்டிக்காரன் யாரையோ கன்னடத்தில் ஒதுங்கச் சொன்னான். திரையில் ஒரு வெள்ளை வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு வீடு வந்தது.

தரைத்தளம், அதற்கு மேல் பால்கனியோடு ஒன்று, அதற்கு மேல் இன்னொன்று. படிக்கட்டு தொங்காமல் மேலேறிப் போனது. அவள் மவுஸால் அதை மெல்லத் திருப்பினாள். வயர்ச் சுருள்களுக்கும் அட்டைப் பெட்டிகளுக்கும் நடுவில் அந்த வீடு ஒரு சுற்று சுற்றி எங்களுக்கு முதுகைக் காட்டி, மறுபடி முகத்தைக் காட்டியது. வயர் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். யார் வீடு மேடம் என்று பாய் கேட்டார். இன்னும் யாரோடதும் இல்ல, மண்ணுதான் இருக்கு என்றாள்.

பாய் நேர்மையானவர். பில் போடும் முன் அவர் பேனாவை நிறுத்தினார்.

"ஒண்ணு சொல்லிடறேன் மேடம். இதுல பின்னால எதுவும் போட முடியாது. மூணு நாலு வருஷத்துல பத்தாமப் போயிடும்."

"பரவால்ல பாய். அடுத்தத இதுவே வாங்கித் தரட்டும்."

அவர் தலையாட்டிக்கொண்டு, ஒரு பழைய மானிட்டரும் கீபோர்டும் மவுஸும் சேர்த்து எழுதினார். ஐந்து வருஷத்துக்கு அப்புறம் வரும் மதியத்துக்கு நான் பார்த்துப் பார்த்துச் செய்துவைத்த ஏற்பாட்டில், அவள் இடையில் சம்பாதிப்பாள் என்கிற கணக்கே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பெட்டி வளரும் என்று நம்பினேன். இவளை அந்த ஸ்டூலிலேயே உட்காரவைத்திருந்தேன்.

அடுத்த நாட்கள் விநோதமாகக் கழிந்தன. காலையில் நான் கிளம்பும்போது நடையில் மெல்லிய இரைச்சல், தூரத்தில் யாரோ முறத்தில் புடைப்பது மாதிரி. மாலை திரும்பும்போதும் அதே இரைச்சல். அந்தச் சின்னப் பெட்டியின் சூட்டில் கடப்பா கல் வெதுவெதுவென்று இருக்கும், நான் போகிற வருகிற போதெல்லாம் அதைத் தொட்டுப் பார்ப்பேன். திரையில் வீடு கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்கு வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் சுவர்கள் சாம்பல் நிறம். மறுநாள் சந்தன நிறம். பால்கனிக்கு ஒரு கொடி படர்ந்தது, பிறகு காணாமல் போனது. பால்கனியில் காற்று வர ஓட்டை விட்ட சிமென்ட் ஜாலி வைக்கவா, வேண்டாமா என்று என்னைக் கேட்டாள். நான் இரண்டையும் யோசித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜாலியை வைத்தாள்.

கிழக்கிலிருந்து வெயில் வர வேண்டும் என்பதற்காகக் காலை எட்டு மணி என்று நேரம் கொடுத்தாள். அதன் பிறகு எங்கள் ஜன்னலில் மழை பெய்துகொண்டேயிருந்தாலும் அந்த நடையில் எப்போதும் காலை எட்டு மணியாகவே இருந்தது. நான் டீ போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் நிற்பேன். கேட்டில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. படியில் ஒரு பெண், கையில் பூக்கூடையோடு, நிழல் நீளமாக விழ. அந்தப் பெண்ணை இடது பக்கம் வைத்துப் பார்த்தாள், வலது பக்கம் வைத்துப் பார்த்தாள், கடைசியில் எடுத்துவிட்டாள். குடிவரப் போறவங்க நின்னுக்கட்டும் என்றாள்.

வியாழக்கிழமை மாலை விளக்கு வைக்கிற நேரத்துக்குப் படத்தை அனுப்பினாள். அனுப்பிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெட்டியின் இரைச்சல் மெல்ல அடங்கிற்று. கால் மணி நேரத்தில் கான்ட்ராக்டர் கூப்பிட்டார். அவள் ஸ்பீக்கரில் போட்டாள், நானும் கேட்கட்டும் என்று. வீட்டுக்காரங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு என்றார். அந்த அம்மா போனிலேயே அழுதுட்டாங்க என்றார். பிறகு, ஒரு சாதாரண விஷயம்போல, "சிஸ்டர், கீழ மூலைல என்ன போடட்டும்?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. அவளுக்குப் புரிந்தது. ஃப்ளெக்ஸின் வலது கீழ் மூலையில் வரைந்தவர்களின் பெயர் போடுவார்கள். பதினெட்டு வருஷம் அந்த மூலையில் அலுவலகத்தின் பெயர்தான் இருந்தது. எத்தனை சைட்டில், எத்தனை வேலியோரத்தில் அவள் வரைந்த வீடுகள் வேறு பெயரோடு வெயிலில் வெளுத்திருக்கின்றன என்று அவளுக்கே தெரியாது.

அவள் திரையில் அந்த மூலையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். லைன்ல இருக்கீங்களா சிஸ்டர் என்றார் அவர். பிறகு தன் பெயரைச் சொன்னாள். இனிஷியலோடு. போன் நம்பரையும் சொன்னாள், நிறுத்தி நிறுத்தி. அவர் திருப்பிச் சொன்னபோது ஒரு எண் தவறாக இருந்தது. திருத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூஜைக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். லிங்கராஜபுரத்தில் ஒரு குறுகலான தெரு, இரண்டு பக்கமும் வீடுகள் தோள் இடித்துக்கொண்டு நிற்க, நடுவில் ஒரு பல் விழுந்த இடம் மாதிரி அந்த சைட். செம்மண் நனைந்து செருப்பில் அப்பியது. மூலையில் சவுக்குக் கட்டைகளில் ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அங்கே மேகமூட்டம், படத்துக்குள் மட்டும் காலை எட்டு மணி வெயில். வீட்டுக்காரம்மா பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதற்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். அவர் நின்ற இடம் சரியாக அந்தப் படிக்கு நேரே. மனைவி ஓரமாக நின்று பிரசாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல், மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்து கொஞ்சம் சின்னதா போட்டுட்டான் என்றாள் என்னிடம். படிக்க முடியுது என்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. ஜன்னலோரம் அவள். கண்ணாடியில் நீர் வழிய, வெளியே கட்டி முடித்த வீடுகளும் கட்டிக்கொண்டிருக்கும் வீடுகளும் கரைந்து கரைந்து ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். அவள் போன் அடித்தது. திரையில் பெயர் இல்லை, வெறும் எண். இரண்டாவது மணி வரைக்கும் அதைப் பார்த்தாள். முதுகை நிமிர்த்திக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தாள்.

"ஹேளி சார்."

சொல்லுங்க சார் என்பதற்கு ஆபீஸ் கன்னடம். அந்தக் குரலைக் கேட்டு மாதக்கணக்காகிவிட்டது. அந்தப் பக்கம் ஒருவர் ஏதோ நீளமாகச் சொன்னார். சைட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவராம், போர்டைப் பார்த்தாராம். அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். என் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டாள். தாள் தேடினாள். நான் பஸ் டிக்கெட்டை நீட்டினேன். அதைத் திருப்பிப் போட்டு, முழங்காலின்மேல் வைத்து, பஸ் குலுங்கக் குலுங்க எழுதினாள். முப்பதுக்கு நாற்பது, கிழக்குப் பார்த்த வாசல்.